பழைய ஹைலக்ஸுக்கு ஸ்பேசர் போட்டதும் கழற்றியதும்

ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுதாக வெட்டினால் ரயர் லீஃப் ஸ்பிரிங்கில் உரசும். கர்ரென்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் எரிந்த மணம். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

வாகனம் 1994ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ், எல்.என்.106, டபுள் கப். முன் அச்சு ஒரே துண்டு, முன்னாலும் லீஃப் ஸ்பிரிங். வீடு கிளிநொச்சியில், வயல் ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் காணி. மாரியில் அந்த வயல் பாதை களிக் குழம்பாகிவிடும். கம்பனி ரயரோடு இரண்டு தரம் புதைந்து, இரண்டு தரமும் ட்ரக்டர்காரரைக் கெஞ்சி இழுபட்ட பிறகு, 31 அங்குல உயரமும் பத்தரை அங்குல அகலமும் உள்ள மட் ரயர் நான்கு வாங்கிப் போட்டேன். புதைவது நின்றது. உரசல் வந்தது.

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தேன். முன் அச்சில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பலாம் என்று தடுக்கும் ஒரு போல்ட் இருக்கிறது. அதை இரண்டு சுற்று வெளியே எடுத்தால் உரசல் போய்விடும். ஆனால் வாகனம் திரும்பும் வட்டமும் பெருத்துவிடும். குளக்கட்டில் முன்னும் பின்னுமாக ஏழு தரம் ஆட்டித் திருப்பிய அன்றே அந்த யோசனையைக் கைவிட்டேன். வெளியே தள்ளி நிற்கும் புது றிம் வாங்கலாம், நான்குக்கும் காசு அப்போது கையில் இல்லை. மிச்சம் ஸ்பேசர்தான்.

ஸ்பேசர் என்பது அச்சு நுனியில் சில்லைப் பூட்டும் ஹப்புக்கும் றிம்முக்கும் இடையில் வைக்கும் அலுமினிய வளையம். மெல்லிய வளையமாகச் சும்மா சொருகி விடுவது ஒரு வகை. ஹப்பில் தனி நட்டால் இறுக்கி, அதிலிருந்து வரும் புது ஸ்டட்டுகளில், அதாவது நட்டு ஏறும் புரிக் கம்பிகளில், றிம்மை மாட்டுவது மற்ற வகை. எனக்குத் தேவைப்பட்டது 30 மில்லிமீட்டர் தடிப்பு. அந்தத் தடிப்பில் சும்மா சொருகுகிற வளையத்தை வைத்தால் நட்டுப் பிடிக்க ஸ்டட்டே மிஞ்சாது. எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்டட்டில் நட்டு ஆகக் குறைந்தது 12 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். இந்த ஸ்டட்டின் புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர், ஆக எட்டுச் சுற்று. விரலால் ஏற்றும்போது எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

முதலில் வாங்கி வந்த செட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வார்ப்பு அலுமினியம், ஸ்டட் தலையில் எந்த அடையாளமும் இல்லை, நடு ஓட்டை 110 மில்லிமீட்டர். ஹைலக்ஸின் ஹப் 106. நான்கு மில்லிமீட்டர் இடைவெளியோடு அது எங்கே நடுவில் உட்காரும்? இரண்டாவது செட் 6061-டி6 என்ற, சூட்டில் பதமேற்றிய அலுமினியத்தில் கடைந்தது, நடு ஓட்டை 106, ஸ்டட் தலையில் 10.9 என்று வலிமைத் தரம் அடித்திருந்தது. ஆறு ஓட்டை, ஸ்டட்டுகள் உட்காரும் வட்டம் 139.7, அதாவது ஐந்தரை அங்குலம். முன் அச்சில், முன் சில்லை இழுவையோடு பூட்டவும் விடவும் உள்ள ஃபிறீ வீல் ஹப் நடு ஓட்டைக்குள்ளால் வெளியே வர வேண்டும். அதையும் பிடித்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

இன்னொரு அளவைப் பலர் எடுப்பதில்லை. ஹப் முகத்திலிருந்து பழைய ஸ்டட் எவ்வளவு நீட்டி நிற்கிறது என்பது. என்னுடையது முன்னால் 28 மில்லிமீட்டர். பின்னால் டிரம்மும் அதே ஸ்டட்டில் உட்காருவதால் டிரம்மை மாட்டிவிட்டு அதற்கு மேல் அளந்தேன், கொஞ்சம் குறைவு. ஸ்பேசர் 30 என்பதால் ஸ்டட் நுனி உள்ளேயே அடங்கிவிட்டது. 25 வாங்கியிருந்தால் முன்னால் மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்று றிம்மின் முதுகில் முட்டும். வெளி நட்டு இறுகியது போலக் கைக்குத் தெரியும். றிம்மோ ஸ்பேசரைத் தொட்டே இருக்காது.

எங்கள் கராஜ் அண்ணை, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய பொருளாதாரத் தடைக் காலத்திலிருந்து வன்னியில் ஸ்பனர் பிடிக்கிறவர். ஸ்பேசரைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"சாமான் நல்ல சாமான்தான் தம்பி. வெளி நட்டை நீ விடிய எழும்பிப் பாப்பாய். உள்ளுக்கை இருக்கிற நட்டை ஆர் பாக்கிறது?"

"இறுக்கினால் இறுகித்தானே அண்ணை இருக்கும்."

"ம். போடு பாப்பம்."

அந்த "ம்" எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டு முற்றத்தில் மண் இளக்கம். ஜக்குக்குக் கீழே முதிரைப் பலகை, சில்லுக்கு முன்னும் பின்னும் பாலைக் கட்டை. பின் டிரம்மைக் கழற்ற ஹாண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். அந்த நேரம் கியரில் போட்டிருக்கிறேன்தானே என்று நம்பக் கூடாது. பின் சில்லு ஒன்று காற்றில் நின்றால் டிஃபரென்ஷியல் அந்தச் சில்லைச் சுற்ற விட்டுவிடும், வாகனம் மெல்ல உருளும். ஃபிறீ வீல் ஹப் இரண்டையும் பூட்டி நான்கு சில்லு இழுவையில் போட்டேன், அதற்கு மேல் கட்டையும் வைத்தேன். நட்டுகளைச் சில்லு நிலத்தில் நிற்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும். தூக்கிய பிறகு ஜக்கை நம்பி ஒரு விரலைக்கூட அடியில் வைக்காமல் ஸ்டாண்டில் இறக்கினேன்.

ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன், முன்னால் இரண்டும் பளிச்சென்று வந்தன. பின் டிரம் இரண்டும் துருப்பிடித்து அசிங்கமாக இருந்தன. துருவை மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு, வெள்ளி நிற ஸ்பிறே பெயின்ட் ஒன்று இருந்ததே என்று அடித்துவிட்டேன். காய்ந்ததும் புது டிரம் போல இருந்தது. றிம் ஓட்டைகளுக்குள்ளால் அது மினுங்கியதைத் தூர நின்று ரசித்தும் பார்த்தேன். அந்தப் பெயின்ட் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்பேசரை ஏற்றி ஆறு நட்டையும் விரலாலேயே கடைசி வரை சுற்றினேன். கூம்பு நட்டு, கூம்புக் குழி, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியது. குழி ஒடுக்கமாக இருப்பதால் தடித்த இம்பாக்ட் சொக்கெட் உள்ளே இறங்காது, மெல்லிய சுவர் உள்ளதைத் தேடி எடுத்தேன். பிறகு எதிரெதிராக, நட்சத்திரம் கீறுவது போல, 40, 80, 110 நியூட்டன் மீட்டர் என்று மூன்று தரம். ஸ்டட் புரியில் எண்ணெய், கிறீஸ் எதுவும் பூசவில்லை. பூசினால் உராய்வு குறையும், அதே 110இல் ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும்.

குறித்த இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்லும் டோர்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்காக ஒரு கணக்கு. 110 நியூட்டன் மீட்டர் என்பது அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியை 22 கிலோ பாரத்தால் அழுத்துவது. நாங்கள் வழக்கமாகச் செய்வது என்ன? வீல் ஸ்பனரில் ஏறி நிற்பது. 75 கிலோ ஆள் 40 சென்ரிமீட்டர் கம்பியில் ஏறினால் கிட்டத்தட்ட 295. அளவை விட இரண்டரை மடங்குக்கும் மேல். ஸ்டட் முறிவது ஒருநாள் நடக்கிற விஷயம், இழுபடுவது அன்றைக்கே நடந்துவிடும்.

சில்லைப் போட்டேன், இறக்கினேன், வெளி நட்டையும் 110இல் முடித்தேன். ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினேன். சத்தமில்லை. அகலம் இரண்டு பக்கமும் சேர்த்து 60 மில்லிமீட்டர் கூடி, வாகனம் காலை அகட்டி நிற்கிற நாம்பன் போல இருந்தது.

அடுத்த நாள் வயலுக்குப் புறப்பட்டேன். முறிகண்டியில் எப்படியும் எல்லா வாகனமும் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போவது ஏ9 வீதியில் வழக்கம். அங்கே நின்று இருபத்துநான்கு நட்டையும் டோர்க் ரெஞ்சால் சரிபார்த்தேன். எல்லாம் "டிக்" என்றது. நிம்மதியாகக் கச்சானைக் கொறித்துக்கொண்டு போனேன். பார்த்தது வெளி நட்டு இருபத்துநான்கு. உள்ளேயும் இருபத்துநான்கு இருந்தன.

மூன்றாம் நாள், மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போகிறேன். பின்னேரம் ஐந்தரை. கரிப்பட்டமுறிப்புப் பக்கம் ஒரு டக், டக். முதலில் பின் பெட்டியில் மண்வெட்டி உருளுகிறது என்று நினைத்தேன். வேகம் குறைய சத்தமும் குறைந்தது. சீற் மெல்ல இடமும் வலமும் ஆடியது. ரயர் காற்றுப் போனால் வருகிற ஆட்டம் இல்லை, வேறு.

நிறுத்தினேன். இரண்டு பக்கமும் காடு, றோட்டு ஓரத்தில் ஈரம் காயாத ஆனை இலத்தி. அந்த இடத்தில் ஓரம் கட்டுவதென்றாலும் தார் விளிம்போடுதான், பற்றைக்குள் இறக்குவதில்லை. வன்னியில் காட்டுப் பாதை ஓடுகிறோம் என்று சொன்னாலும், ஏற்கெனவே ஆளும் மாடும் போய்வருகிற தடத்தில்தான் ஓடுகிறோம். மிதிவெடி எடுத்து முடியாத துண்டுகளில் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இன்னும் நிற்கிறது.

வெளி நட்டு ஆறும் கல்லுப் போல இறுக்கம். இடது பின் சில்லைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினேன், ஆடியது. சில்லைக் கழற்றினால், உள்ளே ஸ்பேசரைப் பிடிக்கும் ஆறு நட்டில் இரண்டு நட்டு வெறும் விரலுக்கே சுற்றுகிறது. மற்ற நான்கும் ஸ்பனர் வைத்த உடனே அரைச் சுற்றுப் போனது. ஸ்பேசரை இழுத்தெடுத்துப் பார்த்தேன். முதுகெல்லாம் வெள்ளிப் பெயின்ட் ஒட்டியிருந்தது, டிரம்மில் அதே இடத்தில் பெயின்ட் பிசைந்து உரிந்திருந்தது.

சில்லைத் தாங்குவது ஸ்டட்டின் தடிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 110இல் இறுக்கிய எம்12 ஸ்டட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலரைத் தொன் விசையோடு இரண்டு முகங்களையும் சேர்த்து நெரிக்கிறது. அந்த நெரிப்பில் வருகிற உராய்வுதான் பாரத்தைச் சுமக்கிறது. ஸ்டட் இழுபடுவது மயிரிழை அளவுதான். இடையில் உள்ள பெயின்டும் துருத் தூளும் நசுங்கி அந்த மயிரிழையைத் தின்றுவிட்டால் நெரிப்புப் போய்விடும். அதன் பிறகு பாரம் ஸ்டட்டைப் பக்கவாட்டில் வெட்டத் தொடங்கும். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் சில்லு எனக்கு முன்னால் ஒட்டுசுட்டானுக்குப் போயிருக்கும்.

கையில் இருந்த உப்புத்தாளால் இருட்டுமுன் முடிந்த மட்டும் சுரண்டி, இறுக்கி, இருபதில் ஊர்ந்து வயல் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தொலைபேசியில் அண்ணைக்குச் சொன்னேன்.

"பெயின்ட் அடிச்சனியோ?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, ஆனை கினை ஒண்டும் வரேல்லைத்தானே?"

திரும்பி வந்ததும் நான்கு பக்கமும் கழற்றி முதலிலிருந்து செய்தேன். டிரம் இரண்டையும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, ஒரு நேர்த் தகட்டை முகத்தில் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு டிரம்மில் ஸ்டட் ஓட்டையைச் சுற்றிச் சின்ன மேடு நின்றது, அரத்தால் எடுத்தேன். உள் நட்டுகளுக்கு நீல நிற, நடுத்தரப் பிடிப்புள்ள நட்டுப் பசை ஒவ்வொரு துளி. சிவப்பு நிறப் பசை வேண்டாம், கழற்றச் சூடு காட்ட வேண்டி வரும். பிறகு ஐம்பது கிலோமீட்டரில் சில்லைக் கழற்றி உள்ளே சரிபார்த்தேன், இருநூறில் மறுபடி, அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும். ஒன்றும் அசையவில்லை. அதற்கென்று ஒவ்வொரு தரமும் அரை நாள் போனது.

அப்படி இரண்டு பெரும்போகம் ஓடினேன். ஸ்டியரிங் கொஞ்சம் பாரமானது, கிடங்கில் விழுந்தால் கை வரைக்கும் உதைத்தது. சேறு முழுக்கக் கதவில். முன் பெயாரிங் இரண்டையும் வழக்கத்துக்கு முன்னரே இறுக்க வேண்டி வந்தது. ஸ்பேசரால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், வாகனத்துக்கும் வயது முப்பது. ஆனாலும் கணக்கு இதுதான்: ஒரு முன் சில்லில் 450 கிலோ என்று வைத்தால், அந்தப் பாரத்தை 30 மில்லிமீட்டர் வெளியே தள்ளும்போது 130 நியூட்டன் மீட்டருக்கு மேல் ஒரு நெம்பல் பெயாரிங்கில் கூடுகிறது, வாகனம் சும்மா நிற்கும்போதே.

போன சிறுபோகம் முடிய கையில் கொஞ்சம் காசு வந்தது. வெளியே தள்ளி நிற்கும் இரும்பு றிம் நான்கு வாங்கினேன். பெயாரிங்குக்கு அதுவும் ஏறக்குறைய அதே நெம்பல்தான், அதில் ஏமாறக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த உள் நட்டுகள் இல்லாமல் போவது.

போட்டதை விடக் கழற்றினதுதான் பாடு. முன்னால் ஒன்று கையோடு வந்தது. மற்ற மூன்றும் ஹப்போடு ஒட்டிவிட்டன. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு நனைந்தால் அலுமினியம் அரிந்து வெள்ளைப் பொடியாகிப் பொங்கும். இங்கே வெறும் தண்ணியா? யூரியா கரைந்த வயல் சேறு, நந்திக்கடல் பக்கம் போனால் உப்பு. போடும்போதே ஹப்பின் விளிம்பில், அந்த 106 மில்லிமீட்டர் வளையத்தில் மட்டும், கொப்பர் கிறீஸ் ஒரு மெல்லிய பூச்சுப் பூசியிருக்க வேண்டும். ஸ்டட்டில் பூசக் கூடாது என்பதைப் பிடித்துக்கொண்டு எங்குமே பூசாமல் விட்டிருக்கிறேன்.

துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டேன். அசையவில்லை. நட்டைக் கொஞ்சம் இளக்கிவிட்டு முற்றத்தில் முன்பின் ஓடிப் பிரேக் பிடிக்கச் சொன்னான் பக்கத்து வீட்டுப் பொடியன். கரிப்பட்டமுறிப்பில் இளகிய நட்டைப் பார்த்தவனிடம் சொல்கிற யோசனையா அது. பிறகு அலுமினியம் சூட்டில் இரும்பை விட இரண்டு மடங்கு விரியும் என்பது நினைவுக்கு வந்தது. காஸ் லாம்பின் நெருப்பைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது, பெயாரிங் கிறீஸ் உருகும், பிரேக் ரப்பர் போகும், டி6 என்கிற அந்தப் பதமும் கெடும். ஸ்பேசரைச் சுற்றிப் பழஞ்சாக்கைக் கட்டி, அம்மாவிடம் கொதிதண்ணி கேட்டேன்.

"தேத்தண்ணிக்கோ?"

"வாகனத்துக்கு."

இரண்டு கேத்தில் ஊற்றி, உடனே முதிரைக் கட்டையைப் பின்னால் வைத்துச் சுற்றிவரத் தட்டினேன். ஒரே இடத்தில் அடித்தால் சரிந்து இன்னும் இறுகும். நட்டுகளை முழுதாக எடுக்காமல் நாலு புரியில் விட்டிருந்தேன், பிடி விட்டால் காலில் விழாமல் இருக்க. மூன்றாம் சுற்றில் "டொக்" என்று விட்டது. மற்ற இரண்டும் ஆளுக்கு ஒரு கேத்தில்.

பிறகு வெள்ளைப் பொடியைத் தேய்த்தெடுத்தேன். இருபத்துநான்கு ஸ்டட்டிலும் ஒரு புது நட்டை விரலால் அடி வரை ஓடவிட்டேன். ஒன்றில் நடுவழியில் பிடித்தது, இடது பின்னால்தான், அந்த இரண்டில் ஒன்று. புரி இழுபட்டிருந்தது. சுத்தியலால் தட்டிப் பின்னால் எடுத்து, புதியதை வொஷர் அடுக்கி நட்டால் இழுத்து உட்கார்த்தினேன்.

கழற்றிய ஸ்பேசர்களை அண்ணை பார்க்க வேண்டும் என்றார். அவர் முறை பழையது: மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துக் காய வைத்து, சோக்குத் தூளைத் தடவுவது. வெடிப்பிருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து சோக்கில் கோடு விழும். மூன்று சுத்தம். நான்காவதில் ஒரு நட்டுக் குழியிலிருந்து நடு ஓட்டையை நோக்கி மயிர் போல ஒரு கோடு, அரை அங்குலம். அது எந்தச் சில்லில் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. அதை எடுத்து வைசில் பிடித்து இரண்டாக அறுத்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார்.

புது றிம்மோடு முதல் ஓட்டம். முறிகண்டியில் நின்று சில்லுச் சில்லாகக் குந்தி டோர்க் ரெஞ்சை வைத்தேன். இருபத்துநான்கு டிக். கச்சான் விற்கிற அம்மா இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"தம்பி, இண்டைக்கும் சில்லு ஏதும் பிழையோ?"

"இல்லை அம்மா. அம்பது ரூபாய்க்குக் கச்சான் தாங்கோ."

"நூறு ரூபாய்க்குக் குறைய இப்ப சரை சுத்திறேல்லை" என்றார்.